பெரிகோர் மேடுகளில் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸின் தென்மேற்கில், தொர்தோஞ் ஆற்றங்கரையில் நான் சைக்கிள் மிதித்த படங்களைப் பார்த்துவிட்டு நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் கேட்ட கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிவிடுகிறேன். நான் இருப்பது பாரிஸ் புறநகரில். பந்தயக்காரன் இல்லை, வயது நாற்பத்தைந்தைத் தாண்டியாயிற்று, தொப்பையும் உண்டு. வருடத்துக்கு ஒருமுறையாவது சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவேன்.

பிரான்ஸில் சைக்கிள் என்றால் ஆல்ப்ஸ் மலைதானே? இது எந்தப் பகுதி?

டூர் த பிரான்ஸ் பந்தயத்தை டிவியில் பார்ப்பவர்களுக்கு ஆல்ப்ஸும் பிரெனேவும்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது போர்தோவுக்குக் கிழக்கே இருக்கும் தொர்தோஞ் மாவட்டம். அதன் பழைய பெயர் பெரிகோர், உள்ளூர்க்காரர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தப் பெரிகோரையே பச்சை, வெள்ளை, ஊதா, கறுப்பு என்று நான்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வடக்கே பச்சை, பெரிகே நகரைச் சுற்றி வெள்ளை, திராட்சைத் தோட்டங்கள் இருக்கும் பெர்ஜராக் பக்கம் ஊதா. சார்லா என்ற ஊரைச் சுற்றி ஓக் காடு அடர்ந்து இருண்டு கிடப்பதால் அது கறுப்பு. நான் பெரும்பாலும் சுற்றுவது இந்தக் கறுப்புப் பெரிகோரில். மலை கிடையாது, சமவெளியும் கிடையாது. மேடு, பள்ளம், மறுபடி மேடு, நடுவில் வால்நட் தோப்பு, வாத்துப் பண்ணை, ஒரு வளைவு திரும்பினால் தேன் நிறக் கல்லில் கட்டிய ஊர் ஒன்று.

என்னால் முடியுமா? எவ்வளவு ஏற்றம் வரும்?

வாரம் இரண்டு முறை 30, 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் என்றால் முடியும், ஆனால் உங்கள் ஊர்க் கணக்கை இங்கே போடாதீர்கள். எல்லாரும் ஏமாறுவது இதில்தான், நானும் ஏமாந்தேன். தனியாக எடுத்துப் பார்த்தால் எந்த ஏற்றமும் பெரிதில்லை. ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர், மிஞ்சினால் மூன்று. ஆறேழு சதவீதச் சரிவு, சில இடங்களில் பத்தைத் தாண்டும். ஆனால் ஒன்று முடிந்து இறங்கி மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். பெரிய மலையில் ஒரே தாளத்தில் ஒரு மணி நேரம் ஏறலாம், உடம்பு அதற்குப் பழகிவிடும். இங்கே தாளமே அமையாது. அதோடு, பார்க்கச் சமதளம் மாதிரித் தெரிந்துகொண்டு மெல்ல ஏறிக்கொண்டே போகும் ரோடுகள் வேறு உண்டு. அவற்றுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் ஃபோ ப்ளா, அதாவது பொய்ச் சமதளம், என்று பெயரே வைத்திருக்கிறார்கள். காற்றும் இல்லை, மேடும் தெரியவில்லை, ஏன் வண்டி நகர மாட்டேன் என்கிறது என்று பிரேக் உரசுகிறதா என இறங்கிப் பார்த்தவன் நான்.

முதல் நாள் 50 கிலோமீட்டர் போதும். மூன்றாம் நாள் 80 போகலாம். ஒரு நாளைக்கு 120 என்று திட்டம் போட்டு வருகிறவர்கள் இரண்டாம் நாளே கோபமாகத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். ஊர்களையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏன் எல்லா அழகான ஊரும் மேட்டின் உச்சியிலேயே இருக்கிறது?

இதைக் கேட்டவர் வியர்வையோடு கேட்டார், ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. காரணம் சண்டை.

1152-இல் அக்கித்தேன் நாட்டின் சீமாட்டி எலெனோர், ஹென்றி பிளான்டாஜெனெட்டை மணந்தாள். இரண்டு வருடத்தில் அவன் இங்கிலாந்தின் அரசன் ஆனான். அதோடு தென்மேற்குப் பிரான்ஸின் பெரும்பகுதி இங்கிலாந்து அரச குடும்பத்தின் சொத்தாகிவிட்டது. அடுத்த 300 வருடம் இது எல்லைப்பகுதி, இன்று இவன் கையில் நாளை அவன் கையில். 1337-இல் தொடங்கிய நூறாண்டுப் போர், 1453-இல் இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் காஸ்தியோனில் நடந்த சண்டையோடுதான் ஓய்ந்தது. அப்படிப்பட்ட இடத்தில் எவனாவது ஆற்றங்கரைச் சமதளத்தில் வீடு கட்டுவானா?

பெய்னாக் கோட்டை ஆற்றின் வடகரையில் செங்குத்துப் பாறைமேல் நிற்கிறது. எதிர்க்கரையில் சற்றுத் தள்ளி காஸ்தெல்நோ கோட்டை. போரின்போது முன்னது பிரெஞ்சுக்காரர் பக்கம், பின்னது ஏறக்குறைய ஆங்கிலேயர் பக்கம். நடுவில் ஆறு. ஒன்றின் மதிலில் நின்றால் மற்றொன்று கண்ணெதிரே தெரியும். காஸ்தெல்நோவில் இப்போது போர்க்கருவி அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள், கல்லெறி பொறிகளை நிஜ அளவில் செய்து வெளியே நிறுத்தியிருப்பார்கள்.

இன்னொரு வகை ஊர் பஸ்தீது. அரசனோ பிரபுவோ திட்டம் போட்டு, கோடு கிழித்தாற்போல் நேரான தெருக்களும் நடுவில் சந்தைச் சதுக்கமுமாகக் கட்டிய புது ஊர்கள், தென்மேற்கில் 300-க்கும் மேல் இருக்கின்றன. தொம் என்ற பஸ்தீதை 1281-இல் பிரெஞ்சு அரசன் மூன்றாம் பிலிப் நிறுவினான். மூன்றே வருடத்தில், 1284-இல், ஆங்கில அரசன் முதலாம் எட்வர்ட் மோன்பசியேயை நிறுவினான். போட்டிக்குப் போட்டி. மோன்பசியேயின் சதுக்கத்தில் சுற்றிலும் வளைவு மண்டபம், அதன் நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் காப்பி குடிக்கலாம்.

இதைத் தெரிந்துகொண்டால் வரைபடம் வேறு மாதிரித் தெரிய ஆரம்பிக்கும். கோட்டை அடையாளம் கண்ணில் பட்டாலே கியரை இறக்கத் தயாராகிவிடுவேன்.

எந்த மாதம் போகலாம்?

மே நடுவிலிருந்து ஜூன் முடிய, இல்லாவிட்டால் செப்டம்பர். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் கிடக்கும், எட்டு மணிக்கு ஒரு ஊரில் உட்கார்ந்துகொண்டு இன்னும் 15 கிலோமீட்டர் பாக்கி என்று பதறவேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம், விலை, 35 டிகிரியைத் தாண்டும் வெயில். வெயில் நமக்கு என்ன புதிதா என்று நினைப்பீர்கள், ஆனால் நம் ஊரில் அந்த வெயிலில் மேடு ஏறிக்கொண்டிருக்க மாட்டோம். சாயங்காலம் இடியோடு மழையும் வரும். செப்டம்பர் கடைசியில் காலையில் ஆற்றுப் பள்ளம் முழுக்கப் பனிமூட்டம், மேலே ஏறினால் வெயில், கோட்டை மட்டும் பஞ்சுமேல் மிதக்கும். அக்டோபரில் வால்நட் அறுவடை. ரோட்டோரமெல்லாம் காய் விழுந்து கிடக்கும், இறக்கத்தில் அவற்றின்மேல் ஏற்றிவிடாதீர்கள்.

எப்படிப் போய்ச் சேர்வது? ரயிலில் சைக்கிள் விடுவார்களா?

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து போர்தோவுக்கு டேஜேவே அதிவேக ரயில், வேகமானது இரண்டு மணி நேரம் சொச்சத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே டேஎஎர் என்ற வட்டார ரயிலுக்கு மாறி, பெர்ஜராக் வழியாகச் சார்லா. அதற்கு இன்னும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் கடைசிப் பகுதி ஆற்றை ஒட்டியும் கடந்தும் போவதால் ஜன்னல் பக்கம் உட்காருங்கள்.

அதிவேக ரயிலில் சக்கரங்களைக் கழற்றி 130-க்கு 90 சென்டிமீட்டர் பையில் அடைத்தால் சாமான் மாதிரி எடுத்துப் போகலாம். முழு சைக்கிளாக ஏற்ற சில ரயில்களில்தான் இடம் உண்டு, முன்பதிவு வேண்டும். வட்டார ரயிலில் அப்படியே உருட்டிக்கொண்டு ஏறிக் கொக்கியில் மாட்டலாம், இடம் இருக்கவேண்டும், அவ்வளவுதான். கோடையில் விதி மாறும் தடங்களும் உண்டு, டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள். சார்லா ரயில் நிலையம் ஊருக்குத் தெற்கே சற்று மேலே இருக்கிறது, வந்து இறங்கியதும் ஊருக்குள் இறக்கம்தான். திரும்பிப் போகும்போது நினைத்துக்கொள்வீர்கள்.

சொந்த சைக்கிளா, வாடகையா?

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறீர்கள் என்றால் வாடகை. விமானத்தில் பெட்டி கட்டி, கட்டணம் கட்டி, வந்ததும் கியர் வளைந்திருக்கிறதா என்று பார்த்து... வேண்டாம். சார்லா பக்கம் ரோடு பைக்கும் மின்சார சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் உயரத்தைச் சொல்லி முன்பே எழுதிவிடுங்கள். க்ளிப் வைத்த காலணி போடுகிறவர் என்றால் உங்கள் பெடலையும் கையோடு எடுத்துப் போங்கள், மாட்டித் தருவார்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒன்று செய்யவேண்டும்: நின்ற இடத்திலேயே இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். நம் ஊர் சைக்கிளில் வலது கைப் பிடி முன் சக்கரத்தை நிறுத்தும். பிரான்ஸில் முன் சக்கரத்துக்கு இடது கை. பழக்கத்தில் பின் பிரேக் என்று நினைத்து இடது கையை இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும் என்பதை தொம் ஊரிலிருந்து இறங்கும்போது தெரிந்துகொண்டேன். முன்னால் போன கார் திடீரென்று நிற்க, நான் இடது கையை அழுத்த, பின் சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. விழவில்லை. ஆனால் இறங்கி ஐந்து நிமிடம் கல் சுவரில் உட்கார்ந்திருந்தேன், கை நடுங்கியது. அந்தச் சுவரில் பல்லி ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது, அது என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

கியர், டயர்?

முன்னால் பல்சக்கரங்கள் 50-34 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 32 அல்லது 34 பல். அதற்குக் குறைந்து எடுக்காதீர்கள், கௌரவம் பார்க்கிற இடம் இல்லை. டயர் 28 மில்லிமீட்டர், 32 கிடைத்தால் இன்னும் நல்லது. வால்வு மெல்லியதாக, தலையில் குட்டித் திருகு வைத்த ப்ரெஸ்தா வகையாக இருக்கும், நம் ஊர் பஞ்சர் கடைப் பம்பு இதற்குச் சேராது. இரண்டு ட்யூப், கையடக்கப் பம்பு, டயர் கழற்றும் பட்டை இரண்டு. வழியில் வரும் சின்ன ஊர்களில் சைக்கிள் கடை இருக்காது.

வலது பக்கம் ஓட்டுவது குழப்பமாக இருக்காதா? விதிகள் என்ன?

நேராகப் போகும்போது குழப்பம் வராது. ஒரு ஊரில் நின்று, சாப்பிட்டுவிட்டு, தூக்கக் கலக்கத்தில் கிளம்பும் முதல் பத்து மீட்டர்தான் ஆபத்து. காலியான ரோடு என்றால் கை தானாக இடது பக்கம் இழுக்கும்.

அடுத்தது வலப்பக்க முன்னுரிமை. பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலது பக்கத் தெருவிலிருந்து வருகிறவருக்கு நீங்கள் வழி விடவேண்டும், அது சந்து மாதிரி இருந்தாலும், நீங்கள் பெரிய ரோட்டில் போனாலும். பழைய ஊர்களுக்குள் இது அடிக்கடி வரும். ட்ராக்டர் ஓட்டுகிற தாத்தா வலது பக்கத்திலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்து ஏறுவார், சட்டம் அவர் பக்கம்.

மணி, முன்பின் விளக்கு, பிரதிபலிப்பான்கள் கட்டாயம். இரவிலும் வெளிச்சம் குறைந்த நேரத்திலும் ஊர் எல்லைக்கு வெளியே மினுங்கும் மேல்சட்டை போட்டிருக்கவேண்டும். ஹெல்மெட் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் சட்டப்படி கட்டாயம், ஆனால் போடாமல் ஓட்டுகிறேன் என்று என்னிடம் சொல்லாதீர்கள். காதில் இயர்போன் கூடாது, 2015-இலிருந்து தடை, பிடித்தால் 135 யூரோ. மது அளவு காருக்கு உள்ளதுதான் சைக்கிளுக்கும், ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம், மதியச் சாப்பாட்டோடு பெர்ஜராக் ஒயின் வரும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கார்கள் ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டர் தள்ளித்தான் முந்தவேண்டும், பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள், முந்த இடம் இல்லையென்றால் ஹாரன் அடிக்காமல் பின்னாலேயே வருவார்கள். நாம்தான் கூச்சப்பட்டு ஓரம் கட்டுவோம்.

எந்த ரோட்டில் போவது?

டே (D) என்ற எழுத்தோடு எண் போட்டவை மாவட்டச் சாலைகள், ஓரத்தில் மஞ்சள் தலை வைத்த மைல்கல் நிற்கும். அவற்றிலும் ஓரிலக்க எண் போட்டவை பெரும்பாலும் பரபரப்பானவை, மூன்று இலக்கம் என்றால் பெரும்பாலும் அமைதி. விதிவிலக்கு உண்டு: ஆற்றின் வடகரையில் போகும் டே 703 கோடையில் கார்களும் கூடார வண்டிகளுமாக நிறைந்துவிடும், முடிந்தவரை தென்கரையில் போங்கள்.

ஃபோன் வழி காட்டும்தான், ஆனாலும் மிஷ்லன் நிறுவனத்தின் காகித வரைபடம் ஒன்று வாங்குங்கள். வெள்ளை நிறச் சாலை சின்னது, ஓரத்தில் பச்சைக் கோடு போட்டிருந்தால் காட்சி அழகான சாலை. சாலைமேல் சின்ன அம்புக்குறி ஒன்று என்றால் 5 முதல் 9 சதவீத ஏற்றம், இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல். மூன்று அம்புக்குறிச் சாலையில் ஒருமுறை போனேன். தள்ளிக்கொண்டுதான் போனேன்.

கிராவியோன் என்று பலகை பார்த்தால் உடனே வேகத்தைக் குறையுங்கள். கோடையில் தாரை ஊற்றி மேலே பொடிக்கல்லைக் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள், கார்கள் ஓடி ஓடித்தான் அது அமரவேண்டும். வளைவில் அந்தக் கல்மேல் ரோடு பைக் டயர் சறுக்குவது மணல்மேல் சறுக்குவது மாதிரிதான். இந்த நாட்டுச் சாலைகளில் நான் உண்மையில் பயப்படுவது இது ஒன்றுக்குத்தான்.

தண்ணீர் எங்கே பிடிப்பது?

கல்லறையில். சிரிக்காதீர்கள். பிரான்ஸில் எந்தச் சின்ன ஊரிலும் தேவாலயத்துக்குப் பக்கத்திலோ ஊர் எல்லையிலோ மதில் சூழ்ந்த கல்லறை இருக்கும், வாசலை ஒட்டிக் குழாய் இருக்கும், பூச்செடிக்கு ஊற்றுவதற்காக. கடை மூடியிருந்தாலும், ஊரே தூங்கினாலும் அது திறந்திருக்கும். நாள்பட்ட சைக்கிள்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வழி இது. 'ஓ நோன் பொத்தாப்ள்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக்கூடாது.

முதல் தடவை எனக்குள் ஏதோ தடுத்தது. நம் வீட்டில் சுடுகாட்டுக்குப் போய்வந்தால் தலைக்குக் குளிக்காமல் உள்ளே விடமாட்டார்கள், அங்கே போய்க் குடிதண்ணீரா? இரும்புக் கதவுக்கு வெளியே தயங்கி நின்றேன். உள்ளே ஒரு பாட்டி பச்சைப் பூவாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், என் காலி பாட்டிலைப் பார்த்தார், பூவாளியை நகர்த்திவிட்டுக் குழாயை மறுபடி திறந்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, விரலை வைத்துப் பார்த்துவிட்டு, இப்போது பிடி என்று தலையை ஆட்டினார். வெயிலில் குழாயில் நின்ற சூடான தண்ணீர் போகட்டும் என்றுதான் ஓடவிட்டிருக்கிறார். அதன்பின் எனக்குத் தயக்கம் இல்லை.

சாப்பாடு?

இங்கே உங்கள் நாளை நடத்துவது கிலோமீட்டர் இல்லை, உணவக நேரம். மதியச் சாப்பாடு பன்னிரண்டு முதல் இரண்டு வரை. ஒன்றரைக்கு மேல் போனாலே முகம் மாறும். ஒருமுறை இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ஒரு ஊரில் போய்ச் சேர்ந்தேன், மேசைகளில் இன்னும் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், சமையல் முடிந்தது என்று கையை விரித்துவிட்டார்கள். கெஞ்சினேன், காப்பிதான் கிடைத்தது. ரொட்டிக் கடையும் ஒரு மணிக்கு மூடியாகிவிட்டது. அடுத்த ஊர் 11 கிலோமீட்டர், வழியில் இரண்டு மேடு. உடம்பில் சர்க்கரை தீர்ந்து காலும் கையும் கழன்றுபோவதற்குப் பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் ஃப்ரங்கால் என்பார்கள், அது என்னவென்று அன்று தெரிந்தது. பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி என்று வெலோசியோ என்ற பட்டப்பெயரில் எழுதிய போல் த விவி நூறு வருடத்துக்கு முன்பே சைக்கிள் பயணிகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். யார் கேட்டோம்.

திங்கட்கிழமை பல கடைகள் மூடல். ஞாயிறு மதியத்துக்கு மேல் எதுவும் இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ரொட்டிக் கடை திறந்திருக்கும்போதே ஒரு பகெத்தும், கபெகூ என்ற வட்டமான சின்ன ஆட்டுப்பால் சீஸ் இரண்டும், வாழைப்பழமும் வாங்கிச் சட்டைப் பின்பையில் போட்டுவிடுவேன்.

நான் சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் விழிப்பாக இருக்கவேண்டும். இது வாத்து தேசம். சார்லா உருளைக்கிழங்கு என்று பட்டியலில் பார்த்து, ஆஹா உருளைக்கிழங்கு வறுவல் என்று சந்தோஷப்படாதீர்கள், அது வாத்துக் கொழுப்பில் பூண்டு போட்டு வறுப்பது. பெரிகோர் சாலட் என்றால் இலைகளுக்கு மேல் வாத்தின் இரைப்பை. தூரென் என்ற பூண்டு சூப்பையும் வழக்கமாக வாத்துக் கொழுப்பிலோ வாத்தின் அண்ணன் முறையான கூஸ் என்ற பெரிய வாத்தின் கொழுப்பிலோதான் தாளிப்பார்கள். கேட்டால் சொல்லிவிடுவார்கள், மறைக்கமாட்டார்கள்.

நம்பிக் கேட்கக்கூடியவை: முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் காளான் ஆம்லெட், சூடான ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட் (பன்றி இறைச்சித் துண்டு தூவாமல் என்று சொல்லவேண்டும்), வால்நட் கேக். வால்நட் எண்ணெய் இந்த ஊரின் தங்கம், சாலட்டில் அதைத்தான் ஊற்றுவார்கள், முதல் வாயிலேயே தெரியும். நான் பையில் பாரிஸ் லா ஷப்பெல் கடையில் வாங்கிய பருப்புப் பொடி ஒரு பொட்டலம் வைத்திருப்பேன். விடுதி அறையில் வெறும் சோறு வைத்துப் பிசைந்து சாப்பிட்டதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எந்த ஊர்களை விடக்கூடாது?

லா ரோக் கஜாக். செங்குத்துப் பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கிற ஒடுங்கிய இடத்தில் ஒட்டவைத்த மாதிரி வீடுகள். 1957-இல் மேலிருந்து பாறை பெயர்ந்து விழுந்து மூன்று பேர் இறந்தார்கள், பாறையில் அந்த வடு இன்னும் தெரிகிறது. தெற்குப் பார்த்த பாறை வெயிலை வாங்கிச் சூட்டைத் தேக்கிக்கொள்வதால் அங்கே பனை வகைகளும் மூங்கிலும் வாழையும் வளர்கின்றன. ஆமாம், வாழை. தேவாலயத்துக்குப் போகிற படியில் அதைப் பார்த்ததும் சட்டென்று கொல்லைப்புறம் ஞாபகம் வந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

தொம் ஊரில் நுழைவாயில் கோபுரச் சுவர்களைப் பாருங்கள். 1307-இல் கைதான டெம்ப்ளர் வீரத் துறவிகளை அங்கே அடைத்து வைத்திருந்தார்களாம், கல்லில் கீறிய சிலுவைகளும் உருவங்களும் இருக்கின்றன. சார்லாவில் புதனும் சனியும் சந்தை. அங்கே பாழடைந்த ஒரு பழைய தேவாலயத்தையே மூடிய சந்தையாக மாற்றி, வாசலுக்குக் கட்டடக்கலைஞர் ழான் நூவெல் ராட்சத இரும்புக் கதவு போட்டிருக்கிறார். சிலர் முகம் சுளிப்பார்கள், எனக்குப் பிடிக்கும். பழைய நகரங்களைக் காக்க 1962-இல் வந்த மால்ரோ சட்டத்தின் பலனை முதலில் அனுபவித்த ஊர்களில் சார்லாவும் ஒன்று, அதனால்தான் சினிமாக்காரர்கள் அங்கே கூடாரம் போடுகிறார்கள்.

பெய்னாக்கில் கோட்டைக்குப் போகும் கல் பாவிய சந்தில் ரோடு பைக்கில் ஏற முயலாதீர்கள். பூட்டிவிட்டு நடங்கள், இல்லாவிட்டால் பின்பக்க ரோட்டைச் சுற்றி வாருங்கள்.

குகை ஓவியங்களையும் சைக்கிளிலேயே பார்க்க முடியுமா?

முடியும். வெசேர் ஆற்றுப் பள்ளத்தாக்கு 1979-இலிருந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. மோந்தினியாக் அருகே லாஸ்கோ குகையை 1940 செப்டம்பர் 12 அன்று நான்கு பையன்கள் கண்டுபிடித்தார்கள். பார்வையாளர்களின் மூச்சுக்காற்றிலேயே ஓவியம் கெட ஆரம்பித்ததால் 1963-இல் மூடிவிட்டார்கள். நீங்கள் பார்ப்பது 2016-இல் திறந்த முழு நகல், நகல் என்று தெரிந்தும் வாய் பிளப்பீர்கள். அசல் வண்ண ஓவியம்தான் வேண்டும் என்றால் லெ ஸேஸியில் ஃபோன் த கோம் குகை இருக்கிறது, கொஞ்சம் பேரைத்தான் உள்ளே விடுவார்கள், முன்பே டிக்கெட் எடுங்கள். குகைக்குள் 13 டிகிரி வாக்கில் இருக்கும், வியர்த்த சட்டையோடு போனால் பல் தந்தி அடிக்கும். பையில் ஒரு மேல்சட்டை.

டூர் த பிரான்ஸ் போன ரோட்டில் ஓட்டவேண்டும் என்று ஆசை.

2022-இன் இருபதாம் கட்டம், தனிநபர் நேரப் பந்தயம், லகப்பேல் மரிவாலிலிருந்து ரோக்கமதூருக்கு 40.7 கிலோமீட்டர். வௌட் வான் ஆர்ட் வென்றார். அதன் கடைசி ஏற்றம் லோஸ்பித்தாலே, ஒன்றரை கிலோமீட்டர், ஏறக்குறைய 8 சதவீதம். சார்லாவிலிருந்து ரோக்கமதூர் சுமார் 50 கிலோமீட்டர், அது பக்கத்து மாவட்டமான லோத். பாறை இடுக்கில் மூன்றடுக்காகத் தொங்கும் யாத்திரைத் தலம் அது, கறுப்பு மாதா சன்னதிக்கு 216 படி. பழைய யாத்ரீகர்கள் முழங்காலால் ஏறினார்களாம். க்ளிப் காலணியில் அந்தப் படிகளில் இறங்கினவன் என்ற முறையில் அவர்களோடு எனக்கு ஒரு சொந்தம் உண்டு.

பிரெஞ்சு தெரியாது. சமாளிக்கலாமா?

ஒரே ஒரு சொல் போதும்: போன்ழூர். கடைக்குள் நுழைந்ததும் முதலில் அது, அப்புறம்தான் கேள்வி. நேராக ஆங்கிலத்தில் 'தண்ணீர் இருக்கா' என்று தொடங்கினால் முகம் இறுகும், வணக்கம் சொல்லிவிட்டு அதே ஆங்கிலத்தில் கேட்டால் உதவி செய்வார்கள். எதிரே வரும் சைக்கிள்காரருக்கும் கையை லேசாகத் தூக்கவேண்டும். ரோடு மூடல் என்றால் 'ரூத் பாரே' என்று பலகை இருக்கும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாமா என்று வேலைக்காரர்களிடம் சைகையில் கேட்டால் பல நேரம் விட்டுவிடுவார்கள்.

வீட்டுக்காரர் (அல்லது வீட்டுக்காரி) அவ்வளவு ஓட்டமாட்டார். என்ன செய்வது?

மின்சார சைக்கிள் எடுத்துக் கொடுங்கள். மேட்டில் அவர் உங்களைத் தாண்டிப் போய் மேலே உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவார், அதைத் தாங்கிக்கொள்ளும் மனது வேண்டும். இன்னொரு வழி, சார்லாவிலிருந்து கார்சாக் வழியாகக் காஸூலேஸ் வரை பழைய ரயில் பாதையைச் சைக்கிள் தடமாக மாற்றியிருக்கிறார்கள். கார் கிடையாது, பெரிய ஏற்றமும் கிடையாது, குழந்தைகளோடும் போகலாம்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. ஒரு வழி சொல்லுங்கள்.

காலை எட்டரைக்குச் சார்லாவில் கிளம்பி அந்தப் பழைய ரயில் தடத்தில் கார்சாக் வரை இறங்குங்கள். அங்கிருந்து ஆறு பெரிதாக வளைந்து திரும்பும் மோன்ஃபோர், மேலே கோட்டை, நின்று ஒரு படம். வித்ராக் வழியாகச் செனாக், பாலத்தைத் தாண்டியதும் தொம் ஊருக்கு ஏற்றம்: ஆற்று மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர் உயரம், மெதுவாக ஏறினால் போதும், யாரும் பார்க்கவில்லை. மேலே மதிலோரத்தில் நின்றால் இனிமேல் போகப்போகிற பள்ளத்தாக்கு முழுக்கக் கீழே விரிந்து கிடக்கும். இறங்கும்போது இடது கை ஜாக்கிரதை.

மறுபடி செனாக் பாலம், வடகரையில் லா ரோக் கஜாக். பன்னிரண்டேகாலுக்குள் அங்கே சாப்பிட உட்கார்ந்துவிடுங்கள், பேச்சே வேண்டாம். அப்புறம் பாலம் தாண்டித் தென்கரையில் காஸ்தெல்நோ, அங்கிருந்து மரநிழலிலேயே லே மிலாந்த் மாளிகை. பாரிஸைக் கலக்கிய ஆட்டக்காரி ஜோசஃபின் பேக்கர், இரண்டாம் உலகப் போரில் உளவு வேலை பார்த்தவர், பன்னிரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்த வீடு அது. கடைசியில் கடனில் அதை இழந்தார். 2021-இல் நாட்டின் பெரியவர்களைக் கௌரவிக்கும் நினைவிடமான பாரிஸ் பான்தியோனில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். அல்லாஸ் பாலத்தில் மறுகரைக்கு வந்து பெய்னாக், பின் வெசாக் வழியாகச் சார்லா. மொத்தம் 60 கிலோமீட்டர் சொச்சம். பெய்னாக்கில் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து ஏதாவது குளிர்ச்சியாகக் குடிக்கும்போது வேலை முடிந்தது என்று தோன்றும். சார்லா ஆற்றைவிட மேலே இருக்கிறது. வெசாக்கிலிருந்து அந்தப் பத்து கிலோமீட்டரும் பொய்ச் சமதளம், பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.